வெளியே கேட்ட என் குரல்

அன்புள்ள சேகர்,

ஞாயிற்றுக்கிழமை காலை நீ மெட்ராஸ் பஸ் ஏறுவதற்குள் இதை எழுதி முடித்து, உன் பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் வைத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நேரில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நேரில் சொன்னால் நீ பாதியில் சிரித்துவிடுவாய். உன் அம்மா பாதியில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். அடுப்பில் ஒன்றும் இருக்காது, ஆனாலும் போவாள். அதனால்தான் இந்தச் சங்கதியை நம் வீட்டில் யாரும் முழுதாகப் பேசியதே இல்லை. அது நடந்தபோது நீ திண்டிவனத்தில் மாமா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். நைனாவுக்குச் செஞ்சிக் கோட்டையில் மூச்சு இழுப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், ஊசி போட்டதும் சரியாகிவிட்டது என்று உனக்குச் சொன்னோம். அதில் பொய் ஒன்றும் இல்லை. விட்டுப்போனதுதான் அதிகம்.

உனக்கு வேலை உத்தரவு வந்த அன்று உன் அம்மா, “சேகரு நைனா, ஓடிப்போய் சர்க்கரை வாங்கியாங்க” என்று தெருவே கேட்கும்படி கத்தினாள். நான் உத்தரவைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அரசாங்கத்தின் பயிற்சி நிலையத்தில் பயிற்சி அலுவலர். என் முகம் போன போக்கைப் பார்த்து நீ, “இன்னா நைனா, சந்தோஷமா இல்லியா?” என்று கேட்டாய். கண்ணில் தூசி என்று சொல்லிக் கடைக்குப் போய்விட்டேன். எனக்குச் சந்தோஷம்தான். காலமெல்லாம் யூரியா மூட்டையையும் மல்லாட்டை விதை மூட்டையையும் எண்ணிக்கொண்டிருந்தவனின் மகன், ஆபீசர்களுக்கே பாடம் நடத்தப் போகிறான் என்றால் யாருக்குத்தான் பெருமையாக இருக்காது? ஆனால் கடைக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு முதுகில் சில்லென்று இருந்தது. ஏன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

எங்கள் நிறுவனம் என்ன செய்கிறது என்று உனக்குத் தெரியும். விவசாயிகளுக்கு உரமும் விதையும் கொடுப்பது. செஞ்சிக் கிளைக்கு ஒரு மேனேஜர், சில குமாஸ்தாக்கள், ஒரு பியூன், கிடங்குக்கு நான். அந்த வருஷம் மார்ச் மாதம் மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. பக்கத்துத் தாலுகாக் கிளைகளையும் சேர்த்து எல்லா ஊழியர்களுக்கும் இரண்டு நாள் பயிற்சி முகாம். இடம் செஞ்சிக் கோட்டை. தலைப்பு ‘கேட்கும் கலை’. மார்ச் முடிவதற்குள் பயிற்சிக்கென்று ஒதுக்கிய பணத்தைச் செலவழிக்காவிட்டால் அடுத்த வருஷம் கிடைக்காதாம். காது குத்திய வயதிலிருந்து கேட்டுக்கொண்டுதானே இருக்கிறோம், இதில் கலை என்ன இருக்கிறது என்று நாங்கள் சிரித்தோம். ஆனால் அந்தச் சமயத்தில் நவரை நெல் மேலுரத்துக்குக் காத்திருந்தது. கிளைக்குக் கதவு சாத்தி அட்டை தொங்கவிட்டால் யூரியாவுக்கு வருகிறவர்கள் யாரிடம் கேட்பார்கள் என்று நான் மேனேஜரிடம் கேட்டேன். அவர், “அதெல்லாம் ரெண்டு நாள்ல ஒண்ணும் ஆயிடாதுப்பா” என்றார்.

எனக்கு வேறு ஒரு கஷ்டமும் இருந்தது. அந்த வாரம் இழுப்பு அதிகம். கிடங்குத் தூசி, வெயில் காலம், இரண்டும் சேர்ந்துகொண்டன. முகாமுக்கு முந்தின நாள் லீவு கேட்டேன். மேனேஜர் நல்ல மனிதர்தான், ஆனால் அன்று அவருக்கு என்னைவிட மேலிடத்தின் மேல்தான் பயம். “ஒரு நாற்காலி காலியா இருந்தாலும் செலவுக்கு ஆடிட்டுல கேள்வி வரும், நீ வந்து சும்மா குந்திக்கினு இரு, போதும்” என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் வரமாட்டேன் என்று கிளையில் எல்லாரும் முடிவு செய்துகொண்டார்கள்.

இங்கே ஏகாம்பரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கிளைக் குமாஸ்தா. யார் குரலிலும் பேசுவான். மேனேஜர் போல, பஸ் கண்டக்டர் போல, ரேஷன் கடைக்காரர் போல. மாவட்ட ஆபீசில் மாதாந்திரக் கூட்டம் நடக்கும்போது பெயர் வாசிப்பார்கள். நம் ஆட்களில் யார் வரவில்லையோ அவன் குரலில் ஏகாம்பரம் பதில் கொடுத்துவிடுவான். யாருக்காவது பெண்டாட்டி பிரசவம், யாருக்காவது மேல்மலையனூரில் வேண்டுதல், யாருக்காவது வாய்க்கால் தகராறு. எல்லாருக்கும் அவன்தான். இதை நாங்கள் ஏமாற்று என்று நினைத்ததில்லை. மழைக்கு ஒருவர் குடையில் ஒருவர் ஒதுங்குவதுபோல ஒரு ஒத்தாசை. மேனேஜருக்கும் தெரியும். தலையைக் குனிந்துகொள்வார். என் குரலை அவன் சொல்லும்போது முதலில் ஒரு சின்னச் செருமல், பிறகு ஒரு இழுப்பு, அதற்குப் பிறகுதான் வார்த்தை வரும். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்து காட்டியிருக்கிறான். உன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்திருக்கிறாள்.

முகாம் அன்று காலை, படுத்திருக்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் கிடங்குச் சாவி என்னிடம். வல்லம் பக்கத்திலிருந்து நான்கைந்து பேர் வண்டி கட்டிக்கொண்டு வந்து ஆபீஸ் வாசலில் அட்டையைப் பார்த்துவிட்டு நம் வீட்டைத் தேடி வந்துவிட்டார்கள். “சார், பயிரு மஞ்சளா போவுது சார், ரெண்டு நாளு தாங்காது” என்று ஒரு பெரியவர் கும்பிட்டார். முடிந்தால் அப்படியே கோட்டைக்கும் போகிறேன் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய்த் திறந்து மூட்டைகளைக் கொடுத்து அனுப்பினேன். ரசீதை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சட்டையெல்லாம் யூரியாத் தூசி. வீட்டுக்குத் திரும்புவதா கோட்டைக்குப் போவதா என்று பஸ் ஸ்டாண்டில் நின்றேன். கோட்டை வழியாகப் போகிற திருவண்ணாமலை பஸ் வந்து நின்றது. ஏறிவிட்டேன். மாத்திரைப் பொட்டலம் வீட்டில் கழற்றிப் போட்ட சட்டையின் பையிலேயே இருந்துவிட்டது என்பது எனக்கு அப்போது தெரியாது.

கோட்டைக்குள் கல்யாண மகாலுக்கு எதிரே ஷாமியானா போட்டிருந்தார்கள். பேனர், பூச்செண்டு, ஆளுக்கொரு ரெக்ஸின் பை, தலைக்குத் தொப்பி. மெட்ராஸிலிருந்து படம் காட்டும் மெஷின் ஒன்றை ஜீப்பில் கொண்டுவந்திருந்தார்கள். கோட்டைக்குள் கரண்ட் கிடையாது என்பதை யாரும் யோசிக்கவில்லை. அதைத் துணியால் மூடி நாற்காலியில் வைத்திருந்தார்கள், சீஃப் கெஸ்ட் மாதிரி. ஒரு குரங்கு தொப்பியைப் போட்டுக்கொண்டு மதில்மேல் உட்கார்ந்திருந்தது. பிரியாணி அண்டா ஒரு பக்கம் வெந்துகொண்டிருந்தது. ஆட்கள் யாரும் இல்லை. சமையல்காரர் கையை நீட்டி, “எல்லாம் களஞ்சியத்துக்குள்ள போய்க்கீறாங்க சார், கண்ணக் கட்டிக்கினு” என்றார்.

களஞ்சியத்தை நீ பார்த்திருக்கிறாய். அந்தக் காலத்தில் நெல்லைக் கொட்டி வைத்த இடம். சுவரின் கனத்துக்கே ஒரு ஆள் படுத்துக்கொள்ளலாம். மேலே சின்னச் சின்னத் துவாரங்கள். அப்போது வாசலுக்கு ஒரு கனத்த மரக்கதவு இருந்தது. உள்ளே காலடி வைத்தால் பகல் அப்படியே வெளியே நின்றுவிடும். நான் நுழைந்தபோது எதுவும் தெரியவில்லை. வௌவால் எச்சத்தின் நாற்றமும் பல பேர் மூச்சுவிடும் சத்தமும் மட்டும் இருந்தன. எல்லாரும் கண்ணைக் கட்டிக்கொண்டு இருட்டில் நின்றிருந்தார்கள். பயிற்சியாளர் அந்தக் கடைசியில் பேனா டார்ச்சால் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மனிதரின் குரல் அவ்வளவு மென்மை. “கண்ணை நம்பாதீர்கள். உங்கள் நண்பனை அவன் குரலை வைத்தே கண்டுபிடியுங்கள். நான் பெயர் சொன்னதும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்லுங்கள்” என்றார். நரைத்த தலைகள் ஒவ்வொன்றாகச் சொல்லின. அந்த வளைவுக் கூரையில் ஒவ்வொரு குரலும் சுற்றிச் சுற்றி வந்து, சொன்னவனை விட்டு வேறு எங்கோ இருந்து கேட்டது.

எனக்கு அதற்குள் மூச்சு பிடித்துக்கொண்டது. காலடியில் கிளம்பிய தூசி நேரே நெஞ்சுக்குள் இறங்கியது. வாசலுக்குப் பக்கவாட்டில் சுவர் உள்வாங்கிய இடத்தில் சாய்ந்து நின்றேன். அப்போது என் பெயரைக் கூப்பிட்டார்கள். செருமினேன். இழுத்தேன். “உள்ளேன் ஐயா” என்றேன். இருட்டு முழுக்கச் சிரித்தது சேகர். நம் கிளைக்காரர்கள் அத்தனை பேரும். ஏகாம்பரம் இவ்வளவு தத்ரூபமாகச் செய்துவிட்டானே என்று சிரித்தார்கள். பயிற்சியாளர் அந்தச் சிரிப்பைத் தன் பயிற்சிக்குக் கிடைத்த வெற்றி என்று நினைத்து, “வெரி குட், இப்படித்தான் இருக்க வேண்டும்” என்று அடுத்த பெயருக்குப் போய்விட்டார். “நான்தான்பா, நிஜமாவே நான்தான்” என்றேன். இன்னும் சிரித்தார்கள். “போதும்டா ஏகாம்பரம், ஓவரா பண்ணாத” என்று யாரோ கிசுகிசுத்தார்கள். அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை. சுவரோடு சரிந்து கீழே உட்கார்ந்துவிட்டேன். ஏகாம்பரம் பிறகு என்னிடம் சொன்னான்: “நான் வாயத் தொறக்குறதுக்குள்ள யாரோ முந்திக்கினாங்கண்ணே. எவனோ நம்ம தொழிலக் கத்துக்கினான்னு நெனச்சி சந்தோஷப்பட்டேன்.”

பெயர் வாசித்து முடிந்ததும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, கட்டிய கண்ணோடு வரிசையாக வெளியே போனார்கள். என் முகத்துக்கு நேரே போனார்கள். ஒருவருடைய வேட்டி என் கையில் உரசியது. பிடிக்கக் கையைத் தூக்கினேன். கை எனக்குச் சொந்தமில்லாததுபோல விழுந்தது. கடைசியாகப் போன பியூன், வௌவால் வெளியே வராமல் இருக்கக் கதவை இழுத்துச் சாத்தினான். அந்த வெளிச்சக் கோடு நூல் மாதிரி மெலிந்து அறுந்துபோனதை இன்றைக்கும் என்னால் பார்க்க முடிகிறது.

இழுப்பு வந்தவனுக்கு ஒன்று தெரியும். பயந்தால் மூச்சு இன்னும் சுருங்கும். அதனால் பயப்படக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது பெயர் சரிபார்ப்பார்கள், நான் இல்லை என்று தெரியும், தேடி வருவார்கள். சொல்லி வைத்தாற்போல வெளியே மரத்தடியில் மறுபடியும் பெயர் வாசிக்க ஆரம்பித்தார்கள். சாப்பாட்டு டோக்கனுக்காக. மேல் துவாரம் வழியாகச் சத்தம் தெளிவாக விழுந்தது. ஒவ்வொரு பெயராக என்னை நோக்கி வந்தது. என் பெயர் வந்தது. நான் காத்திருந்தேன். வெளியே ஒரு செருமல் கேட்டது. ஒரு இழுப்பு. பிறகு என் குரல், “உள்ளேன் ஐயா” என்றது.

அதைக் கேட்டபோது என்ன தோன்றியது என்று உனக்கு எப்படிச் சொல்வது? ஏகாம்பரம்தான் என்று எனக்குத் தெரியும். நல்லதுக்குத்தான் செய்கிறான், என் வேலையைக் காப்பாற்றுகிறான் என்றும் தெரியும். ஆனாலும் உடம்பெல்லாம் முள் குத்தியது. அந்தக் குரல் அங்கே இருக்கிறவரைக்கும் என்னை யாரும் தேட மாட்டார்கள். வீட்டைக் கேட்டால் நான் முகாமில். கிளைக்காரர்களைக் கேட்டால் நான் வீட்டில். பயிற்சியாளரைக் கேட்டால் நான் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறேன். களஞ்சியத்தில் நான் இருப்பதாக நினைக்க இந்த உலகத்தில் ஒரு ஆள் கிடையாது.

பிரியாணி வாசனை துவாரம் வழியாக வந்தது. அதற்குப் பிறகு பாட்டு கேசட் போட்டார்கள், பேட்டரியில். பிறகு கை தட்டினார்கள். நான் சுவரோரமாக இழுத்து இழுத்துக் கதவுப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தேன். கொஞ்சம் நகர்வேன், நெஞ்சு அடைக்கும், நின்றுவிடுவேன். மேலே வௌவால்கள் நகத்தால் கீறுவதுபோல ஒரு சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடியும் கூப்பிட ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை பெயர் சொன்னதும் எழுந்து, இன்றைக்கு என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம். என் பெயர் வந்தது. செருமல். இழுப்பு. என் குரல் சொன்னது: “கூட வேலை செய்யிறவங்க இன்னா சொல்றாங்கன்னு காது குடுத்துக் கேக்கணும் சார். கேட்டா அவங்க கஷ்டம் நமக்குத் தெரியும் சார்.” பலமாகக் கை தட்டினார்கள். பயிற்சியாளர் ஆகா என்றார். நான் இருட்டில் கிடந்து என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நான்கூட அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன். அந்த நேரத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வெளியே இருப்பது நான்தான் என்றால், இங்கே மூச்சுக்குத் தவிக்கிற இது யார்? சிரிக்காதே. மூளைக்குக் காற்றுப் போகாவிட்டால் அப்படி நினைக்கத் தோன்றும் என்று டாக்டர் சொன்னார். அவர் சொல்வதை நம்பத்தான் நானும் ஆசைப்படுகிறேன்.

இதற்கிடையில் வீட்டில் உன் அம்மா துவைக்க எடுத்த சட்டையில் மாத்திரைப் பொட்டலத்தைப் பார்த்திருக்கிறாள். அன்று என் நெஞ்சு இருந்த நிலை அவளுக்குத் தெரியும். அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் கோட்டைக்கு வந்துவிட்டாள். ஷாமியானாவில் எல்லாரும் தொப்பியோடு உட்கார்ந்திருக்க, நேரே ஏகாம்பரத்திடம் போய், “அவுரு எங்கப்பா? மாத்திரைய வுட்டுட்டு வந்துட்டாரு” என்று கேட்டாள். அவன், “அண்ணனா? வரவே இல்லியே அண்ணி, வூட்டுல இல்ல?” என்றான். “காலையிலயே கெளம்பிட்டாரேப்பா” என்றாள் இவள். இதைக் கேட்ட பயிற்சியாளர், பக்கத்திலிருந்தவரிடம் என் பெயரை விசாரித்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு குறுக்கே வந்து, “பயப்படாதீங்கம்மா, அவர் இங்கதான் இருக்காரு. இப்பகூட ரொம்ப அழகாப் பேசினாரு” என்று சொல்லி, தாளைப் பார்த்து என் பெயரை உரக்கக் கூப்பிட்டார்.

எனக்கு அது கேட்டது. அந்த நாளிலேயே என்னை அதிகமாக நடுங்க வைத்தது அதுதான். ஏனென்றால் யாரும் பதில் சொல்லவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். பதில் இல்லை. அவ்வளவு நேரம் எனக்குப் பதிலாக இருந்த அந்த இன்னொருவனும் போய்விட்டான். நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. சரி, இனி எங்கேயும் நான் இல்லை என்று நினைத்தேன். அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

பிறகு உன் அம்மா கூப்பிட ஆரம்பித்தாள். அவள் என் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை என்பது உனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் என்னைக் கூப்பிட அவளுக்கு வார்த்தையே இல்லை. கை தட்டுவாள், வளையலைக் குலுக்குவாள். நீ பிறந்த பிறகுதான் எனக்கு ஒரு பெயர் வந்தது. அத்தனை ஆண்கள் பார்த்திருக்க, அவள் ஷாமியானாவை விட்டு வெளியே வந்து, குதிரை லாயத்தைப் பார்த்து, குளத்தைப் பார்த்து, மலையைப் பார்த்துக் கத்தினாள்: “சேகரு நைனா! சேகரு நைனாவ்!” பயிற்சியாளர் பின்னாலேயே ஓடி, “பையனையா காணோம்?” என்று கேட்டாராம். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தப் பெயரை ஏகாம்பரத்தால் செய்ய முடியாது சேகர். அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது, என்னைத் தவிர. அது காதில் விழுந்ததும் நான் எங்கே இருக்கிறேன் என்பது எனக்குத் திரும்பி வந்தது. மடியில் கிடங்குச் சாவிக் கொத்து இருந்தது. குரல்தான் போயிருந்தது, கை கொஞ்சம் மிச்சம் இருந்தது. சாவியைக் கதவில் தட்டினேன். அதற்கு முன்பும் தட்டித்தான் பார்த்தேன், பாட்டிலும் கைதட்டலிலும் யாருக்கும் கேட்கவில்லை. இப்போது எல்லாரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். தினமும் சாயங்காலம் நம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது இடுப்பில் அந்தக் கொத்து குலுங்கும். அந்தச் சத்தம் கேட்டதும் அவள் உலையை இறக்குவாள். அதே சத்தத்தை வைத்துக்கொண்டுதான் களஞ்சியத்துக்கு நேராக ஓடி வந்தாள். கதவு திறந்தபோது வெளிச்சத்தில் எனக்குக் கண் தெரியவில்லை. யாரோ என் தலையை மடியில் வைத்து நாக்கில் மாத்திரையை வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். பக்கத்தில் ஏகாம்பரம் தன் தொப்பியால் எனக்கு விசிறிக்கொண்டு அவனுடைய சொந்தக் குரலில் அழுதுகொண்டிருந்தான்.

ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். படம் காட்டும் மெஷினை இறக்கி வைத்துவிட்டு எனக்கு இடம் கொடுத்தார்கள். இன்னும் சற்று நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். மறுநாள் முகாம் நடந்தது. நிறுத்தினால் செலவுக் கணக்கு பாதியில் நிற்கும் அல்லவா? முகாம் முழுவதும் சிறப்பாகக் கலந்துகொண்டேன் என்று எனக்கு ஒரு சான்றிதழும் வந்தது. உன் அம்மா அதை ஊறுகாய் ஜாடிக்கு அடியில் போட்டுவிட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஒரு வண்டி யூரியாவுக்குக் கதவைச் சாத்திவிட்டு, கேட்கக் கற்றுக்கொடுக்கிறேன் என்று கூட்டிப்போய், கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒருவனைச் சாகக் கொடுக்கப் பார்த்தார்கள். அந்த மென்மையான குரலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. ஆனால் அவரும் கெட்டவர் இல்லை. அவர் தாளைவிட்டுத் தலையை நிமிர்த்தவில்லை, அவ்வளவுதான்.

ஏகாம்பரம் ஆஸ்பத்திரிக்கு வந்து என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தான். என் போர்வையை இழுத்துவிட்டான். பிறகு, “அண்ணே, டோக்கனுக்குக் கூப்புட்டப்போ நான்தாண்ணே குரல் குடுத்தேன். ஒத்துக்குறேன். ஆனா சாப்பாட்டுக்கு அப்புறம் இன்னா கத்துக்கினீங்கன்னு கேட்டாங்கள்ல, அப்ப நான் அங்க இல்லண்ணே. சமையல்காரரோட அண்டா கழுவுற எடத்துல பீடி குடிச்சிக்கினு இருந்தேன்” என்றான். அப்படியானால் யார் என்று கேட்டேன். எல்லாரையும் கேட்டுவிட்டானாம். ஒவ்வொருவரும் பக்கத்திலிருந்தவன்தான் பேசினான் என்று நினைத்திருக்கிறார்கள். தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்ததால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சமையல்காரரிடம் நானே பிறகு விசாரித்தேன். ஏகாம்பரம் அவரோடுதான் இருந்திருக்கிறான். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. அங்காளம்மன் மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கே கூட்ட நெரிசலுக்குப் பயந்து போகாதவன் நான். ஆனாலும் அன்று எழுந்து நின்று அவ்வளவு நன்றாகப் பேசியது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஏகாம்பரம் அதன் பிறகு யார் குரலையும் எடுத்ததில்லை. எங்கேயாவது என் பெயரைக் கூப்பிட்டால் நான் உடனே வாயைத் திறப்பதில்லை. வேறு யாராவது பதில் சொல்கிறார்களா என்று கொஞ்சம் காத்திருந்து பார்க்கிறேன். ஆபீசில் எனக்குக் காது மந்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உன்னை இந்த வேலைக்குப் போகாதே என்று சொல்ல நான் யார்? நீ நன்றாகச் செய்வாய். எதிரில் இருப்பவன் பேசும்போது அவன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பது உன் சின்ன வயதுப் பழக்கம். அதை விட்டுவிடாதே. மார்ச் மாதம் வந்தால் உன்னையும் கூப்பிட்டு, பணம் மீந்திருக்கிறது, ஏதாவது மலைக்கோ கடற்கரைக்கோ ஆட்களைக் கூட்டிப்போ என்பார்கள். போவதற்கு முன்னால், இவர்களைக் கூட்டிப்போனால் எந்த ஊரில் எந்தக் கதவு சாத்தியிருக்கும், அதன் முன்னால் யார் நிற்பார்கள் என்று ஒரு தடவை கேள். லீவு கேட்கிறவனுக்கு லீவு கொடுக்கச் சொல். கண்ணைக் கட்டும் விளையாட்டெல்லாம் வேண்டாமப்பா. பெயர் வாசிக்கும்போது தாளைக் கீழே வைத்துவிட்டு, பதில் வருகிற பக்கம் திரும்பி, அந்த முகத்தைப் பார். முகம் தெரியவில்லை என்றால் எழுந்து போய்ப் பார். அதற்கு ஆகிற நேரத்தை யாராவது குறை சொன்னால், என் நைனா செஞ்சியில் ஒரு பகல் முழுக்க ஆஜராக இருந்தார் என்று சொல்.

உன் பெட்டியில் முறுக்கு டப்பாவை மேலாக வைத்திருக்கிறாள், பஸ்ஸில் நசுங்காமல் பார்த்துக்கொள். ஹாஸ்டல் தண்ணீர் ஒத்துக்கொள்ளாவிட்டால் கொதிக்க வைத்துக் குடி. இங்கே எங்களைப் பற்றிக் கவலைப்படாதே. நீ போய்விட்டால் வீடு வெறிச்சோடிப் போகும் என்று உன் அம்மா இப்போதே மூக்கைச் சிந்துகிறாள். அப்படி ஒன்றும் ஆகாது. நீ இல்லாத வீட்டிலும் காலையில் எழுந்ததும் உன் பெயர்தான் கேட்கும். காப்பிக்கு ஒரு தடவை, கடைக்கு ஒரு தடவை, கரண்ட் போனால் ஒரு தடவை, சும்மா ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் நான் உடனே பதில் சொல்லிவிடுவேன். அந்த ஒரு பெயருக்கு மட்டும் நான் காத்திருந்து பார்ப்பதில்லை.

உன் நைனா